அணையும் ஒளியில் ஓர் அளவுகோல்

பழுப்பு ஓடுள்ள கோழிமுட்டை ஒன்றை இருட்டறைக்குள் எடுத்துச் சென்று, கள்ளநோட்டு பார்ப்பதற்காகக் கடைகளில் வைத்திருக்கும் ஊதா டார்ச்சை அதன்மேல் அடித்துப் பாருங்கள். (அந்த ஒளி கண்ணில் நேராகப் படக் கூடாது.) ஓடு சிவந்து ஒளிரும். புதிதாக இட்ட முட்டையில் அந்தச் சிவப்பு அழுத்தமாக இருக்கும். வெள்ளை முட்டையில் அவ்வளவாகத் தெரியாது. கீரையை ஸ்பிரிட்டில் நசுக்கி வடிகட்டினால் கிடைக்கும் பச்சைச் சாற்றிலும் அதே டார்ச் சிவப்பை எழுப்பும். ஆனால் ஒரு சொட்டு ரத்தத்தின்மேல் அடித்தால் எதுவும் நடக்காது. ரத்தம் அந்த ஊதாவை விழுங்கிவிட்டு இருண்டே கிடக்கும்.

மூன்றிலும் ஊதா ஒளியை விழுங்குவது ஒரே குடும்பத்து மூலக்கூறு. அதன் பெயர் போர்ஃபிரின். முட்டையோட்டிலும் கீரையிலும் அது விழுங்கியதில் ஒரு பகுதியைச் சிவப்பாகத் திருப்பித் தருகிறது, ரத்தத்தில் தருவதில்லை. எப்போது ஒளிரும், எப்போது அணையும், அணைய எவ்வளவு நேரம் எடுக்கும் என்ற இந்தக் கேள்விகளின் விடைகளை எண்ணாக மாற்றிவிட முடிந்தால், அந்த மூலக்கூறைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதை அதன் ஒளியைப் பார்த்தே சொல்லிவிடலாம். வேதியியலாளர்கள் அதைச் செய்துவிட்டார்கள்.

முதலில் அந்த மூலக்கூறைப் பார்த்துவிடுவோம். நான்கு கார்பனும் ஒரு நைட்ரஜனும் சேர்ந்த ஐங்கோணத்துக்குப் பைரோல் என்று பெயர். நான்கு பைரோல்களை நான்கு கார்பன் அணுக்களால் கோத்து வட்டமாக மூடினால் போர்ஃபிரின். நைட்ரஜன்கள் நான்கும் உள்நோக்கி நிற்க, நடுவில் ஓர் உலோக அயனி உட்காரும் அளவுக்கு இடம் இருக்கும். வளையத்தின் எலெக்ட்ரான்கள் ஓரிடத்தில் நில்லாமல் சுற்றிலும் பரவிக் கிடப்பதால், 400 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகே அது ஒளியை மிக வலுவாக உறிஞ்சும். 1883இல் ஜாக்-லூயி சோரே ரத்தத்தில் இந்த உறிஞ்சலைக் கண்டார். இன்றும் அது சோரே பட்டை என்றே அழைக்கப்படுகிறது. மலிவான ஊதா டார்ச்சுகள் பல 395 நானோமீட்டர் ஒளியைத் தருபவை. முட்டை சிவப்பதற்கு அந்தப் பொருத்தம்தான் காரணம்.

வளையம் ஒன்றுதான், நடுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் மாறுகிறது. ரத்தத்தில் இரும்பு. இலையின் பச்சையத்தில், சற்றே மாறிய வளையத்தின் நடுவில், மக்னீசியம். முட்டையோட்டில் உலோகமே இல்லை. ரத்தத்தின் ஹீமினை மியூனிக்கில் ஹான்ஸ் ஃபிஷர் 1929இல் ஆய்வகத்திலேயே உருவாக்கி, மறு ஆண்டு நோபல் பரிசு பெற்றார். அவரிடம் பயின்ற ஆல்ஃபிரட் டிரைப்ஸ் 1934இல் கச்சா எண்ணெயிலேயே போர்ஃபிரின்களைக் கண்டெடுத்தார். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மடிந்த உயிர்களின் பச்சையம், மக்னீசியத்தை இழந்து வனேடியத்தை ஏற்றுக்கொண்டு, பாறைக்கடியில் வளையம் குலையாமல் இருந்திருக்கிறது. எண்ணெய் உயிர்களிலிருந்து பிறந்தது என்பதற்கு அது வலுவான சான்றாயிற்று. இவ்வளவு உறுதியான ஒரு சட்டகம், இவ்வளவு எளிதாக உலோகம் மாற்றிக்கொள்ளும் நடுவிடம்: உணர்பொருள் செய்ய விரும்புபவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது என்பது என் எண்ணம்.

இரும்பு ஏன் ஒளியை அணைக்கிறது? வளையம் ஒளியை உறிஞ்சியதும் அதன் எலெக்ட்ரான் ஒன்று மேல்நிலைக்குத் தாவுகிறது. கீழே இறங்கும்போது வழியில் வேறு படிகள் இல்லையென்றால், இறங்கும் ஆற்றல் ஒளியாக வெளிவரும். இரும்பு அயனியின் வெளி எலெக்ட்ரான் கூட்டில் பாதி நிரம்பிய இடங்கள் நிறைய. அவை நெருக்கமான பல படிகளை உண்டாக்கிவிடுகின்றன. ஆற்றல் அந்தப் படிகளில் பிக்கோவினாடிகளில் இறங்கி வெப்பமாகக் கரைந்துவிடுகிறது. மக்னீசியத்துக்கும் துத்தநாகத்துக்கும் அப்படிப்பட்ட படிகள் இல்லை. அவற்றை ஏந்திய வளையங்கள் ஒளிரும்.

ரத்தம் ஒளிராமல் இருப்பது நம் நல்லூழ் என்றே சொல்ல வேண்டும். எரித்ரோபொயட்டிக் புரோட்டோபோர்ஃபிரியா என்ற பரம்பரை நோயில், இரும்பு ஏறாத வளையங்கள் சிவப்பணுக்களில் குவிகின்றன. அந்தக் குழந்தைகளை வெயிலில் விட்டால் சில நிமிடங்களில் தோல் எரியத் தொடங்கும். உறிஞ்சிய ஆற்றலை வளையம் அருகிலுள்ள ஆக்சிஜனிடம் கொடுத்துவிடுவதும், ஆற்றல் பெற்ற ஆக்சிஜன் செல்களைத் தாக்குவதுமே காரணம். இந்தக் கைமாற்றத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அளவிடும் கலையின் பெரும்பகுதி இதன்மேல்தான் நிற்கிறது.

போர்ஃபிரினின் ஒளியைக் கொண்டு செய்த முதல் பயனுள்ள அளவீடுகளில் ஒன்றுக்கு யாரும் எந்தப் பொருளையும் தயாரிக்க வேண்டியிருக்கவில்லை. உடம்பே தயாரித்து வைத்திருந்தது. எலும்பு மஜ்ஜையில், ரத்தத்தின் இரும்பு வளையமான ஹீம் உருவாகும் கடைசிக் கட்டத்தில், ஃபெரோகீலடேஸ் என்ற நொதி வளையத்துக்குள் இரும்பை வைக்கிறது. இரும்பு கிடைக்காவிட்டால் அது சும்மா இருப்பதில்லை. கைக்கு எட்டும் துத்தநாகத்தை எடுத்து வைத்துவிடுகிறது. காரீயம் உடம்பில் ஏறியிருந்தாலும் இரும்பு ஏறும் வேலை கெட்டு, அதே துத்தநாகப் போர்ஃபிரின்தான் மிஞ்சுகிறது. இரும்பு வளையம் இருண்டது. துத்தநாக வளையம் ஒளிர்வது. ஆக, இரும்புப் பஞ்சத்திலோ காரீய நஞ்சிலோ உருவான ஒரு சிவப்பணு, நீல ஒளியின் கீழ் தன் குறையை ஆரஞ்சு கலந்த சிவப்பில் வெளிக்காட்டும். சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது. அதனால் இந்த ஒளி இன்றைய நிலையை மட்டும் சொல்வதில்லை. கடந்த சில மாதங்களில் மஜ்ஜைக்கு இரும்பு போதுமான அளவு போனதா என்பதையும் சொல்கிறது.

இதில் ஒரு வேடிக்கையான திருப்பம் உண்டு. முன்பெல்லாம் ரத்தத்தை அமிலத்தில் கரைத்து இந்த வளையங்களைப் பிரித்தெடுத்தார்கள். அமிலம் துத்தநாகத்தை வெளியே தள்ளிவிடும். எனவே சிவப்பணுவில் இருப்பது உலோகமற்ற போர்ஃபிரின் என்றே எல்லோரும் நம்பினார்கள். அந்தப் பரிசோதனையின் பெயரிலேயே 'தனித்த' என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டது. பெல் ஆய்வகத்தின் ஏஞ்சலோ லமோலாவும் டெட்சுவோ யமானேயும் 1974இல் அமிலம் சேர்க்காமல் ரத்தத்தின் ஒளியை நேராகப் பார்த்து, அங்கே இருப்பது துத்தநாக வளையம் என்று காட்டினார்கள். பிரித்தெடுக்க வேண்டாம் என்றாகிவிட்டதால், ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடி வில்லையில் வைத்து நீல ஒளியடித்து உடனே எண்ணைப் படிக்கும் சிறு கருவியை அதே ஆய்வகம் உருவாக்கியது. தொலைபேசி ஆய்வுக்காக நிறுவப்பட்ட இடத்திலிருந்து குழந்தைகளின் காரீய நஞ்சைக் கண்டறியும் கருவி வந்தது.

அந்தக் கருவிக்கு ஓர் எல்லையும் இருந்தது. காரீயம் ஓரளவு கூடிய பிறகுதான் துத்தநாக வளையத்தின் ஒளி எழும்பும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1991இல் குழந்தைகளின் ரத்தக் காரீயத்துக்கான எச்சரிக்கை அளவை டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமாகக் குறைத்தது. அவ்வளவு குறைந்த காரீயத்தை இந்த ஒளி காட்டித் தராது. அதன்பின் காரீயத்துக்கான முதற்கட்டச் சோதனையாக அது நிலைக்கவில்லை. இரும்புக் குறையை முன்கூட்டி அறியும் வழியாகத் தொடர்ந்தது.

இனி இரும்பின் இடத்தில் பிளாட்டினத்தை வைப்போம்.

உலோகமற்ற போர்ஃபிரின் ஒளியை உறிஞ்சிச் சுமார் 10 நானோவினாடிக்குள் திருப்பித் தந்துவிடும். பாடநூல்கள் இதை உடனொளிர்தல் என்கின்றன. பிளாட்டினம் கனமான அணு. அதன் அருகாமையில் எலெக்ட்ரானின் தற்சுழற்சி விதிகள் தளர்கின்றன. மேல்நிலைக்குப் போன எலெக்ட்ரான் தன் சுழற்சியைத் திருப்பிக்கொண்டு, மும்மை நிலை எனப்படும் வேறொரு நிலைக்குள் இறங்கிவிடுகிறது. அங்கிருந்து தரைநிலைக்கு வர மறுபடியும் சுழற்சியைத் திருப்ப வேண்டும். அது எளிதில் நடவாது. எனவே எலெக்ட்ரான் அங்கே காத்துக் கிடக்கிறது. கடைசியில் இறங்கும்போது 650 நானோமீட்டர் அருகே ஆழ்ந்த சிவப்பு ஒளி வருகிறது. இது நின்றொளிர்தல். பிளாட்டினப் போர்ஃபிரினில் அந்தக் காத்திருப்பு 60 முதல் 100 மைக்ரோவினாடி வரை. பல்லேடியத்தில் ஏறத்தாழ ஒரு மில்லிவினாடி. பொதுவாக நின்றொளிர்தலைக் காண மூலக்கூறுகளைத் திரவ நைட்ரஜனில் உறையவைக்க வேண்டியிருக்கும். இவையோ அறை வெப்பத்திலேயே பளிச்சென்று ஒளிர்கின்றன.

10 நானோவினாடிக்கும் 100 மைக்ரோவினாடிக்கும் இடையே பத்தாயிரம் மடங்கு. மனிதருக்கு இரண்டும் கண்ணிமைக்கும் நேரத்தில் காணாமல் போகும் துணுக்குகள்தான். ஆனால் ஆக்சிஜன் மூலக்கூறுக்கு இந்த வேறுபாடு மிகப் பெரிது. காற்றோடு தொடர்புள்ள நீரில் ஆக்சிஜன் மூலக்கூறுகள் ஒன்றுக்கொன்று சராசரியாக 18 நானோமீட்டர் தள்ளி இருக்கின்றன. 10 நானோவினாடியில் ஒரு மூலக்கூறு அலைந்து திரிந்து சேரும் தூரம் 10 நானோமீட்டர் அளவே. வளையத்தை எட்டுவதற்குள் ஒளி வெளியேறிவிடும். 100 மைக்ரோவினாடி கிடைத்தால் அது ஒரு மைக்ரோமீட்டர் வரை போகும். வழியில் பலமுறை வளையங்களைச் சந்திக்கும்.

சந்தித்தால் என்ன? நாம் அன்றாடம் காணும் மூலக்கூறுகள் பெரும்பாலானவை தரைநிலையில் ஒற்றை நிலையில் இருக்க, ஆக்சிஜன் மட்டும் தரைநிலையிலேயே மும்மை நிலையில் இருக்கிறது. காத்துக் கிடக்கும் போர்ஃபிரினும் மும்மை நிலை. இரண்டும் மோதும்போது சுழற்சி விதி எதையும் மீறாமல் போர்ஃபிரின் தன் ஆற்றலை ஆக்சிஜனிடம் கொடுத்துவிட்டு ஒளியின்றி இறங்கிவிடலாம். ஆக்சிஜன் அதிகமென்றால் மோதல் அதிகம். மோதல் அதிகமென்றால் ஒளி குறைவு, காத்திருப்பும் குறைவு. இப்படிப்பட்ட தணிப்புக்கான எளிய சமன்பாட்டை ஓட்டோ ஸ்டெர்னும் மாக்ஸ் வோல்மரும் 1919இலேயே எழுதிவிட்டார்கள். சிலிக்கா ஜெல்லில் ஒட்டிய சாயங்களின் ஒளியை மிகச் சிறிதளவு ஆக்சிஜனும் தணிப்பதை 1930களில் ஹான்ஸ் கவுட்ஸ்கி காட்டினார். கருத்து பழையது. அதற்கேற்ற மூலக்கூறு வர அரை நூற்றாண்டு ஆயிற்று.

இங்கே ஒரு நுணுக்கத்தைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. ஒளி எவ்வளவு குறைந்தது என்று அளப்பதைவிட, எவ்வளவு சீக்கிரம் அணைந்தது என்று அளப்பதே நம்பகமானது. வெண்கல மணியை ஒருமுறை அடித்துவிட்டுக் கேளுங்கள். கோபுரவாசலில் நிற்பவருக்குச் சத்தம் பெரிதாகவும் தெருமுனையில் இருப்பவருக்குச் சிறிதாகவும் கேட்கும்; ஆனால் ரீங்காரம் தேய்ந்து மறையும் வேகம் இருவருக்கும் ஒன்றே. யாராவது மணிமேல் விரலை வைத்தால் அது சீக்கிரம் அடங்கும், அதுவும் இருவருக்கும் ஒன்றாகவே தெரியும். ஆக்சிஜன்தான் அந்த விரல். விளக்கின் பிரகாசம் குறைந்தாலும், கண்ணாடியில் அழுக்குப் படிந்தாலும், சாயத்தில் பாதி அழிந்தே போனாலும், மிஞ்சியிருக்கும் வளையங்கள் அணைய எடுக்கும் நேரம் பெரிதாக மாறுவதில்லை. ஆழ்கடலிலும் உயிருள்ள திசுவுக்குள்ளும் இந்த முறை செல்லுபடியாவது இதனால்தான்.

வளையத்தை மட்டும் வைத்துக்கொண்டு கருவி செய்துவிட முடியாது. போர்ஃபிரின் தட்டையானது, பக்கத்தில் இன்னொன்று இருந்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒளியை இழக்கும். எனவே அவற்றைப் பாலிமர் படலத்துக்குள் தள்ளித் தள்ளிச் சிறைவைக்க வேண்டும். எந்தப் பாலிமர் என்பதிலேயே கருவியின் குணம் பாதி முடிவாகிவிடுகிறது. ஃபுளோரின் ஏற்றிய பிளாட்டினப் போர்ஃபிரினைப் பாலிஸ்டைரீனில் கரைத்துப் பூசினால், ஆக்சிஜன் இல்லாதபோது 60 மைக்ரோவினாடி அளவில் இருக்கும் ஒளி ஆயுள் காற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகச் சுருங்கும். நீரிலும் காற்றிலும் அளக்க இது வசதியான வீச்சு. அதே சாயத்தைச் சிலிக்கோனில் வைத்தால் ஆக்சிஜன் தாராளமாக நுழைந்து இன்னும் வலுவாகத் தணிக்கும். சாயத்தைத் தொடாமல் வீட்டை மட்டும் மாற்றி, கருவியின் கூர்மையை வேண்டிய அளவுக்கு ஏற்றி இறக்கலாம். ஆய்வுக் கட்டுரைகள் புது மூலக்கூறைக் கொண்டாடும் அளவுக்குப் படலத்தைக் கொண்டாடுவதில்லை. அளவீட்டின் வெற்றி தோல்வி பெரும்பாலும் படலத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அப்படிப்பட்ட படலம் ஒன்று வண்ணப்பூச்சாகி விமானத்தின்மேல் ஏறியது. ஒரு விமான மாதிரியைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து இறக்கையின் ஒவ்வோர் இடத்திலும் காற்றழுத்தம் எவ்வளவு என்று அறிய, முன்பு அதில் நூற்றுக்கணக்கான நுண்துளைகள் இட்டு ஒவ்வொன்றிலும் குழாய் பொருத்துவார்கள். செலவும் அதிகம், துளை இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதும் தெரியாது. காற்றில் 21 விழுக்காடு ஆக்சிஜன் என்பது மாறாதது. அழுத்தம் கூடினால் ஆக்சிஜனின் அழுத்தமும் அதே விகிதத்தில் கூடும். எனவே ஆக்சிஜனை உணரும் பூச்சு அழுத்தத்தையும் உணரும். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கௌட்டர்மேன், ஜேம்ஸ் காலிஸ் குழுவினர் 1980களின் கடைசியில் பிளாட்டினப் போர்ஃபிரினைக் கொண்டு இதைச் செய்தார்கள். போர்ஃபிரினின் நிறத்தை நான்கே எலெக்ட்ரான் வழித்தடங்களைக் கொண்டு விளக்கிய கோட்பாட்டாளர் கௌட்டர்மேன். அந்த விளக்கம் இன்றும் பாடமாக இருக்கிறது. தாளில் கணக்கிட்ட மூலக்கூறை அவரே இறக்கையில் பூசிப் பார்த்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. சோவியத் ஒன்றியத்தின் வானூர்தி ஆய்வு நிறுவனமும் தனியாக இதே கருத்தை எட்டியிருந்தது.

அந்தக் குழுவில் முனைவர் பட்டத்துக்கு உழைத்த மாணவி ஒருவர் போயிங் நிறுவனத்தில் பொறியாளராகவும் இருந்தார். பெயர் ஜேனட் கவாண்டி. 1990இல் அவர் முடித்த ஆய்வேடு இந்தப் பூச்சைப் பற்றியதுதான். 1994இல் நாசா அவரை விண்வெளி வீரராகத் தேர்ந்தெடுத்தது. 1998, 2000, 2001 என மூன்று முறை விண்ணோடத்தில் பறந்தார்.

நீல விளக்கின் கீழ் சுழலும் காற்றில் அந்த மாதிரி விமானம் சிவப்பாக ஒளிரும். அழுத்தம் குறைந்த இறக்கை மேற்பரப்பு பிரகாசமாகவும், காற்று வந்து மோதும் முன்விளிம்பு மங்கலாகவும் தெரியும். கேமரா ஒரே படத்தில் முழு அழுத்த வரைபடத்தையும் எடுத்துவிடும். வெப்பநிலை மாறினாலும் ஒளி மாறும் என்பது இந்தப் பூச்சின் தீராத தலைவலி. அதைச் சரிக்கட்டுவதில் ஒரு தனித் துறையே வளர்ந்திருக்கிறது.

அதே காலத்தில், நாட்டின் மறுகோடியில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜேன் வாண்டர்கூய், டேவிட் வில்சன் குழுவினர் திசுக்களுக்குள் இருக்கும் ஆக்சிஜனைக் குறிவைத்திருந்தார்கள். 1987இல் நின்றொளிர்தல் அணையும் நேரத்தைக் கொண்டு உயிரியல் மாதிரிகளில் ஆக்சிஜனை அளக்கும் முறையை வெளியிட்டார்கள். உடம்புக்குள் சிக்கல்கள் வேறு. போர்ஃபிரின் ரத்தப் புரதங்களில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தைப் பொறுத்து எண் மாறும். நீல ஒளியைத் திசு விழுங்கிவிடும். அதே பல்கலைக்கழகத்தின் செர்கெய் வினோகிராடவ் இதற்கு வளையத்தின் மேலேயே விடை கட்டினார். வளையத்தின் ஓரங்களில் பென்சீன் வளையங்களைச் சேர்த்தால் உறிஞ்சல் சிவப்புப் பக்கம் நகரும்; சிவப்பு ஒளி திசுவுக்குள் ஆழமாகப் போகும். வளையத்தைச் சுற்றிக் கிளைவிட்டுப் பிரியும் மூலக்கூறு வேலி ஒன்றை வளர்த்தால் புரதங்கள் அண்டாது. ஆக்சிஜன் உள்ளே வரும் வேகமும் கட்டுக்குள் இருக்கும்.

இந்த மூலக்கூறுகளின் பயனை எலும்பு மஜ்ஜையில் பார்க்கலாம். ரத்த அணுக்களைப் பெற்றெடுக்கும் மூல செல்கள் அங்கே இருக்கின்றன. ஆக்சிஜன் குறைந்த இடத்தில்தான் அவை பாதுகாப்பாக உறங்குகின்றன என்றும், எலும்பை ஒட்டிய ஓரமே அந்த இடம் என்றும் கருதப்பட்டது. நேராக அளந்தவர் இல்லை. 2014இல் உயிருள்ள எலியின் மண்டையோட்டு மஜ்ஜையில் பிளாட்டினப் போர்ஃபிரினைச் செலுத்தி, லேசரால் புள்ளி புள்ளியாக அணையும் நேரத்தை அளந்தார்கள். ரத்தக் குழாய்கள் அவ்வளவு அடர்ந்த இடத்திலும் ஆக்சிஜன் அழுத்தம் 32 மில்லிமீட்டர் பாதரசத்துக்கும் குறைவு. மிகக் குறைந்த இடத்தில் 10 அளவுதான். (தமனி ரத்தத்தில் அது 95 முதல் 100.) அதிகம் வறண்டிருந்தது எலும்போரம் அல்ல, உள்ளே ஆழத்தில் இருந்த அகன்ற சிரைக்குழாய்களின் சுற்றுப்புறம். ஆண்டுக்கணக்கில் ஊகமாக இருந்த ஒன்று அப்போது எண்ணானது.

ரோட்டர்டாமில் எக்பெர்ட் மிக் என்ற மயக்கவியல் மருத்துவர் இன்னும் எளிய வழியில் சென்றார். அமினோலெவுலினிக் அமிலம் என்ற மூலப்பொருளைக் கொடுத்தால் செல்கள் தாமே போர்ஃபிரினைச் செய்து மைட்டோகாண்ட்ரியாவில் குவிக்கும். செல் ஆக்சிஜனைச் செலவழிக்கும் இடமே அது. அந்தப் போர்ஃபிரினின் தாமதித்த ஒளி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று தோலின்மேல் ஒரு ஒளியிழையை வைத்துப் பார்த்தால், மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஆக்சிஜன் எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பது தெரிகிறது. ஊசி குத்தவில்லை, எதையும் நடவும் இல்லை. உணர்பொருளை நோயாளியின் செல்லே செய்து கொடுக்கிறது.

ஆக்சிஜனைத் தவிர மற்றவற்றை இந்த வளையங்கள் உணருமா? உணரும். உள்ளே நிற்கும் நைட்ரஜன்கள் அமிலத்தைக் கண்டால் புரோட்டான்களை ஏற்றுக்கொள்ளும். ஹைட்ரஜன் குளோரைடு வாயு பட்ட படலம் பச்சையாக மாறி, அதன் ஒளியும் இடம் பெயரும். அம்மோனியா பட்டால் பழையபடி திரும்பும். செம்பு அயனி வளையத்துக்குள் புகுந்தால் ஒளி அணையும், துத்தநாகம் புகுந்தால் நிறம் மாறும். பாதரச அயனி பெரியது. முழுவதும் உள்ளே இறங்காமல் வளையத்தின்மேல் ஏறி உட்கார்ந்து அதை வளைக்கும். வளைந்த வளையத்தின் மறுபக்கம் சிறிய அயனிகள் எளிதாக நுழைந்துவிடும். டி.என்.டி. வெடிமருந்தின் ஆவி காற்றில் நூறு கோடியில் சில பங்குதான். எலெக்ட்ரானுக்கு ஏங்கும் அந்த மூலக்கூறு, நுண்துளைச் சிலிக்காவில் பரப்பிய போர்ஃபிரினின் எலெக்ட்ரானைப் பறித்து ஒளியை மங்கவைக்கும். சர்க்கோனியம் கொத்துகளைக் கணுக்களாகவும் போர்ஃபிரின்களைச் சட்டங்களாகவும் கொண்டு கட்டிய படிகங்கள் 2012 முதல் வரத் தொடங்கின. வளையங்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் பிரித்து நிறுத்தி, இடையில் 3 நானோமீட்டருக்கும் அகன்ற தாழ்வாரங்களை விடுபவை அவை. மூலக்கூறுகள் உள்ளே வந்து போக இடம் உண்டு.

ஆனால் இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சுத்தமான கரைப்பானில் செம்பைச் சேர்த்து ஒளி அணைந்ததைக் காட்டும் கட்டுரைகள் ஏராளம். ஆற்று நீரில் செம்போடு இரும்பும், மட்கிய இலைச்சாறும், சாயக்கழிவும் சேர்ந்தே வரும். ஒளி அணைந்தது எதனால் என்று அங்கே யார் சொல்வது? அதற்கு ஓர் அழகான விடை இலினாய் பல்கலைக்கழகத்திலிருந்து 2000ஆம் ஆண்டில் வந்தது. நீல் ராகோவும் கென்னத் சஸ்லிக்கும் வெவ்வேறு உலோகங்களை ஏந்திய போர்ஃபிரின்களை ஒரே தட்டில் புள்ளிகளாக வைத்து, ஒரு வாசனைக்கு எல்லாப் புள்ளிகளும் சேர்ந்து எப்படி நிறம் மாறுகின்றன என்ற கோலத்தைப் படித்தார்கள். தனி ஒரு புள்ளியால் எதையும் அடையாளம் காட்ட முடியாது, கோலம் காட்டிவிடும். அது ஒளிர்தல் அல்ல, வெறும் நிறமாற்றம். இருந்தாலும் ஒளிரும் உணர்பொருள்களும் அந்த வழியில்தான் போக வேண்டும் என்று தோன்றுகிறது. ஆக்சிஜனில் மட்டும் ஒற்றை வளையம் வெல்வதற்குக் காரணம் வளையத்தின் திறமை மட்டுமல்ல. காற்றிலும் நீரிலும் இவ்வளவு தாராளமாகக் கிடைக்கும் மும்மை நிலை மூலக்கூறு வேறு இல்லை. போட்டிக்கு ஆள் இல்லாத களம் அது.

அந்தக் களத்திலும் ஒரு விலை உண்டு. ஒளி அணையும் ஒவ்வொரு முறையும் ஆற்றல் ஆக்சிஜனிடம் போகிறது என்றேன். ஆற்றல் பெற்ற அந்த ஆக்சிஜன், வெயிலில் நோயாளியின் தோலைத் தாக்குவது எதுவோ அதுவே, அருகில் இருக்கும் போர்ஃபிரினையும் படலத்தையும் தாக்குகிறது. அளக்க அளக்க உணர்பொருள் கரைகிறது. வளையத்தின் விளிம்பில் ஃபுளோரின் அணுக்களை நிரப்பியது இதற்காகத்தான்: ஃபுளோரின் எலெக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொள்வதால் தாக்கும் ஆக்சிஜனுக்குப் பிடி கிடைப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் ஆளில்லாமல் இயங்க வேண்டிய கருவிகளுக்கு அந்த அணுக்களே ஆயுள் காப்பு.

அப்படிப்பட்ட கருவிகள் கடலில் இருக்கின்றன. நார்வே நாட்டு ஆண்டெரா நிறுவனத்தின் ஆக்சிஜன் உணரியில் பிளாட்டினப் போர்ஃபிரின் பூசிய ஒரு சிறு படலம் கடல்நீரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. நீலப்பச்சை ஒளியைச் சீராக ஏற்றி இறக்கி அதன்மேல் அடிப்பார்கள். திரும்பி வரும் சிவப்பும் அதேபோல ஏறி இறங்கும், சற்றுப் பின்தங்கி. எவ்வளவு பின்தங்கியது என்பதிலிருந்து அணையும் நேரம் கிடைக்கிறது. 2003இல் லாப்ரடார் கடலில் இந்த உணரியோடு விட்ட மிதவைகள், குளிர்காலத்தில் மேல்நீர் குளிர்ந்து ஆழத்துக்கு இறங்கும்போது கடல் ஆக்சிஜனை எப்படி உள்ளே இழுக்கிறது என்பதை மாதம் மாதமாகப் பதிவு செய்தன. இன்று உலகக் கடல்களை மிதவைகளால் அளக்கும் ஆர்கோ திட்டத்தின் உயிர்வேதி மிதவைகள் பலவற்றில் இவ்வகை உணரிகள் உண்டு. படலம் காட்டும் எண் காலப்போக்கில் சிறிது சிறிதாக விலகிவிடும் என்பதால், மேலே வரும்போது சில மிதவைகள் உணரியைக் காற்றில் நீட்டி அளந்துகொள்கின்றன. காற்றின் ஆக்சிஜன் அளவு தெரிந்ததுதான். அதை வைத்துத் தம்மைத் திருத்திக்கொள்கின்றன.

நமக்கு அருகே இருக்கும் இரு கடல்களில் இந்த அளவீட்டுக்கு அவசரம் அதிகம். அரபிக்கடலின் நடு ஆழங்களில் ஆக்சிஜன் அநேகமாகத் தீர்ந்துபோயிருக்கிறது. அங்கே நுண்ணுயிர்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டைக் கொண்டு மூச்சுவிடுகின்றன. உயிர்களுக்கு உரமாக வேண்டிய நைட்ரஜன் வாயுவாகி வெளியேறுகிறது. உலகக் கடல்களில் பெரிய அளவில் அப்படி நடக்கும் மூன்று இடங்களில் அது ஒன்று. வங்காள விரிகுடாவிலும் ஆக்சிஜன் மிகக் குறைவு. ஆனால் அங்கே அந்த இழப்பு அரபிக்கடல் அளவுக்கு நடப்பதில்லை. நுண்மின்வாய்களைக் கொண்டு அளந்து 2017இல் வெளியான ஆய்வு காரணத்தைக் காட்டியது: லிட்டருக்குப் பத்து முதல் இருநூறு நானோமோல் வரை ஆக்சிஜன் இன்னும் அங்கே எஞ்சியிருக்கிறது. காற்றோடு சமநிலையில் உள்ள நீரின் அளவோடு ஒப்பிட்டால் ஆயிரத்தில் ஒரு பங்கும் இல்லாத அந்தத் துளி, நைட்ரஜன் வெளியேறுவதைத் தடுத்து நிற்கிறது. பழைய வேதிமுறைகளுக்கு அது பூஜ்யமாகவே தெரிந்திருக்கும்.

பல்லேடியத்தை ஏந்திய, பென்சீன் வளையம் சேர்த்த போர்ஃபிரின்களைக் கொண்டு செய்த ஒளி உணரிகளும் இப்போது நானோமோல் அளவை எட்டிவிட்டன. நீண்டு காத்திருக்கும் அவற்றின் ஒளி, அவ்வளவு அரிதான ஆக்சிஜனையும் சந்தித்துவிடுகிறது. நீர் சூடாகும்போது அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. வங்காள விரிகுடா வெப்பமாகி வருகிறது. அங்கே எஞ்சியிருக்கும் துளியும் தீர்ந்தால், தயாராகக் காத்திருக்கும் நுண்ணுயிர்கள் இந்தப் பக்கத்துக் கடலிலும் நைட்ரஜனை வெளியேற்றத் தொடங்கும்.